கோபுரமும் சங்கும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

"எந்த ஊர்?" என்று வெளியூரார் கேட்டால், "ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம்" என்போம். உடனே, "கோபுரம்! பால்கோவா!" என்று அவர்கள் முகம் மலரும். நமக்கும் பெருமைதான். 11 நிலைகளும் 192 அடி உயரமும் கொண்ட வடபத்ரசாயி கோயில் கோபுரம் 1949இல் அரசு முத்திரையில் ஏறியது. 'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்று எனக்குக் கிடைத்த சான்றிதழிலும் அந்த முத்திரை இருந்தது. என் தாயாருக்கு எழுத்து தெரியாது. கோபுரத்தைத் தடவிப் பார்த்து, "நம்ம ஊருல்ல!" என்றார்.

ஆனால் நண்பர்களே, கோபுரத்தோடு ஊரின் வரலாறு முடிந்துவிடுகிறதா? அதே ஊரில் திருமலை நாயக்கர் அரண்மனை ஒன்றும் உண்டு என்று வகுப்பில் சொன்னேன். "அது மதுரையில் அல்லவா?" என்றனர் பலர்! சுமார் 12 கி.மீ. தொலைவில் இராஜபாளையம். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்திற்கு ஈந்தார். அதனுள் எத்தனை பேர் நுழைந்திருக்கிறோம்? சென்ற மாதம் வரை நானும் நுழைந்ததில்லை.

மன்னரும் முதலமைச்சரும் விட்டுச் சென்றவை மட்டுந்தாமா சின்னங்கள்? 1936இல் இராஜபாளையம் மில் தோன்றியது. அதன்பின் மில்கள் பெருகின. ஏர் பிடித்த குடும்பங்கள் ஷிப்டுக்குப் போயின. எங்கள் பாட்டி வீட்டில் கடிகாரம் கிடையாது. மில் சங்கு ஊதினால் அடுப்பு மூட்டுவார். மறுபடி ஊதினால் விளக்கேற்றுவார். என் தந்தையார் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் பகுதியில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் பழகியதால் வீட்டில் இன்றும் உரக்கத்தான் பேசுவார். இவற்றை எந்தத் தல புராணம் எழுதப் போகிறது?

ஆகவே என் கருத்து இது: அடுத்த ஆண்டு மலரில் நான்கு பக்கங்களை இதற்கு ஒதுக்க வேண்டும். புத்தகத்தைப் பார்த்து விண்வெளிக் கட்டுரை எழுதுவதைக் குறைத்துக்கொண்டு (இயற்பியல் பேராசிரியர்கள் பொறுத்தருள்க!), ஒவ்வொருவரும் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதித் தரலாம்.

நான் தொடங்கிவிட்டேன். "இதை எழுதவாடா காலேஜுக்குப் போன?" என்றார் தந்தையார். ஆயினும் அன்றிரவு வெகுநேரம் பேசினார். வேலைக்குச் சென்ற முதல் நாள், கோயில் என்று எண்ணினாரோ என்னவோ, மில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாராம். உடன் வந்தவர்கள் சிரித்துவிட்டார்களாம்.