கடலைப் பற்றி வாதிட்டோம். அண்டாவைப் பற்றிக் கேட்கவில்லை



அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வார இறுதி மத்ரஸா நடத்திவரும் நாங்கள், ஒரு வகுப்பு குர்ஆனை ஓதி முடித்த மகிழ்ச்சியில் நான்கு குடும்பங்களாகச் சேர்ந்து உணவகம் ஒன்றுக்குச் சென்றோம். எந்த உணவகம் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்தார்கள். அவர்கள் கேட்டது, இந்நகரில் தெருவுக்குத் தெரு காணப்படும் கேஜுன் கடலுணவுக் கடை. அன்றிரவு நடந்ததை இங்கே எழுதுவது எவரையும் குறைகூற அன்று. அத்தவறு எங்களுடையது. அதே தவறு மற்றக் குடும்பங்களிலும் நிகழ்ந்துவிடக் கூடாது என்பதே எங்கள் நோக்கம்.

கேஜுன் மக்கள், 1755-ஆம் ஆண்டு முதல் கனடாவின் அகாடியாப் பகுதியிலிருந்து ஆங்கிலேயரால் விரட்டப்பட்டு, பின்னர் லூயிசியானாவில் குடியேறிய பிரெஞ்சு மொழியினரின் வழித்தோன்றல்கள். 'அகாடியன்' என்ற சொல்லே மருவி 'கேஜுன்' ஆயிற்று. சதுப்பு நிலமும் ஆறும் சூழ்ந்த அந்நாட்டில் சேற்றுநீரில் வாழும் கிராஃபிஷ் அவர்களின் விருந்துணவானது. சிங்கி இறாலைக் கைவிரல் அளவுக்குச் சுருக்கினாற்போன்ற உருவம் அதற்கு. பெரிய அண்டாவில் நீரைக் கொதிக்கவைத்து, மிளகாய், கடுகு, கொத்தமல்லி விதை, பிரிஞ்சி இலை, கிராம்பு முதலியவற்றைச் சேர்த்து, கிராஃபிஷ், இறால், நண்டு, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு ஆகியவற்றை அதில் வேகவைப்பார்கள். வெந்ததும் நீரை வடித்து, தாள் விரித்த மேசையில் அப்படியே கொட்டுவார்கள். தட்டும் கரண்டியும் இல்லை. எல்லோரும் சுற்றியமர்ந்து கையால் உண்பார்கள். 1975-க்குப் பின் இப்பகுதிக்கு அகதிகளாக வந்த வியட்நாமியர், பூண்டும் வெண்ணெயும் கலந்த சாற்றில் அதைப் புரட்டியெடுக்கும் வழக்கத்தைச் சேர்த்தார்கள். ஹூஸ்டன் கடைகளில் இன்று கிடைப்பது பெரும்பாலும் அவ்விரண்டும் கலந்த சுவையே.

ஒரே சஹனில் கைவைத்து உண்டு வளர்ந்த நம்மவர்க்கு இவ்வாறு கூடியுண்ணும் முறை அந்நியமானதன்று. அதனால்தான் நாங்களும் தயக்கமின்றி அமர்ந்தோம்.

உணவு வந்தது. காயல்பட்டினத்துக் குடும்பத்தைச் சேர்ந்த பதினான்கு வயதுப் பையன் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு கிராஃபிஷை எடுத்தான். எதிரே அமர்ந்திருந்தவர், உத்தமபாளையத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த பெரியவர். "தம்பி, அதை வைங்க. அது மீன் இல்லை, நமக்குக் கூடாது" என்றார். பையன் தலைகுனிந்து, "எங்க வாப்பா சாப்பிடலாம்னு சொல்லியிருக்காங்க, மாமா" என்றான். வாப்பா பேச்சில் இறங்கினார். பெரியவரின் மகனும் இறங்கினார். மத்ஹபின் பெயரும் ஊரின் பெயரும் சற்று உரக்கவே ஒலித்தன. எடுத்ததைத் தின்னவும் முடியாமல் வைக்கவும் முடியாமல், பையன் கையிலேயே வைத்திருந்தான்.

இருவர் சொன்னதிலும் அடிப்படை உண்டு. அல்மாயிதா அத்தியாயத்தின் 96-ஆம் வசனம் கடல் வேட்டையையும் அதன் உணவையும் நமக்கு ஆகுமாக்குகிறது. ஹனஃபீ மத்ஹபில் நீர்வாழ் உயிரினங்களில் மீன் மட்டுமே ஆகுமானது. இறால் மீன் வகையைச் சேருமா என்பதில் அவர்களுக்குள்ளேயே இரு கருத்துகள் உள்ளன. நண்டும் சிங்கி இறாலும் அவர்களிடம் கூடாதவை. கிராஃபிஷும் அவற்றின் இனமே. ஷாஃபிஈ மத்ஹபில் நீரில் மட்டுமே வாழ்பவை பொதுவாக ஆகுமானவை. நீரிலும் நிலத்திலும் வாழ்பவற்றில்தான் தடை வருகிறது. எனவே நண்டைப் பற்றி அம்மத்ஹபிலும் பேச்சு உண்டு. கிராஃபிஷ் செவுளால் சுவாசிப்பது எனினும், சேற்றில் வளை தோண்டி, ஈரமிருந்தால் நீருக்கு வெளியேயும் சிறிது காலம் உயிர்வாழக்கூடியது. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் தான் பின்பற்றும் ஆலிமிடம் கேட்டுத் தெளிய வேண்டிய செய்தி இது. மேசையில் குரலை உயர்த்தித் தீர்த்துக்கொள்ளக் கூடியதன்று.

வாதம் ஓயாத நிலையில், எங்கள் மாணவிகளில் மிகச் சிறியவள் வட்டமான துண்டு ஒன்றைக் கையில் எடுத்து எங்களிடம் காட்டினாள். "ஹஸ்ரத், இது எந்த மீன்?" என்று கேட்டாள்.

அது மீனன்று, சாசேஜ். கேஜுன் சமையலில் ஆன்டூயி எனப்படும் புகையூட்டிய சாசேஜ் பன்றி இறைச்சியால் செய்யப்படுவது. இவ்வகை விருந்தில் சோளத்தோடும் கிழங்கோடும் அதையும் அதே நீரில் வேகவைப்பது இயல்பு. உணவுப் பட்டியலில் அது எழுதப்பட்டே இருந்தது. பரிமாறிய பெண்ணை அழைத்துக் கேட்டபோது, அது பன்றி இறைச்சிதான் என்றும் அனைத்தும் ஒரே அண்டாவில் வெந்தவை என்றும் ஒளிக்காமல் சொன்னார். வருந்தவும் செய்தார். கடையின்மீது எப்பிழையும் இல்லை. கிராஃபிஷ் மீனா அன்றா என்று இருபது நிமிடம் பேசிய நாங்கள், அது எந்த நீரில் வெந்தது என்று ஒரு நிமிடம் கேட்கவில்லை.

அதற்குள் இரண்டு பிள்ளைகள் சில துண்டுகளைத் தின்றிருந்தார்கள். இருவரும் அழத் தொடங்கினார்கள். அறியாமல் உண்டதற்காக அல்லாஹ் குற்றம் பிடிக்க மாட்டான் என்று அவர்களைத் தேற்றினோம். பணத்தைச் செலுத்திவிட்டு வெளியேறினோம்.

வாகனம் நிறுத்துமிடத்தில் நடந்ததைத்தான் நாங்கள் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபில் வழக்கிலுள்ள தீர்ப்பின்படி, பன்றியின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் அந்த எண்ணிக்கையும் மண்ணும் நிபந்தனையல்ல. அசுத்தம் நீங்கக் கழுவினால் போதும். சற்றுமுன் கிராஃபிஷ் ஆகுமென்று வாதிட்ட வாப்பா, செடிப்பாத்தியின் ஓரத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து வந்தார். கூடாதென்று கண்டித்த பெரியவர் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து பையனின் கைகளில் ஊற்றினார். "ஒண்ணு, ரெண்டு" என்று அவரே எண்ணினார். தம் மத்ஹபில் தேவையில்லாத அந்த எண்ணிக்கையை, ஏழுவரை ஒன்றும் குறையாமல் எண்ணி முடித்தார். மேசையில் தொலைந்த மரியாதை அங்கே மீண்டது.

அவ்விரவு எங்களுக்கு உணர்த்திய முதற்பாடம் இது. கருத்து வேறுபாடுள்ள உணவில் ஒருவரை மற்றவர் இழிவுபடுத்துவது நபிவழியன்று. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் சுட்ட உடும்பு பரிமாறப்பட்டபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதனை உண்ணவில்லை. ஹராமா என்று கேட்கப்பட்டதற்கு, இல்லை, தம் ஊரில் பழக்கமில்லாத உணவு என்ற கருத்தில் விடையளித்தார்கள். காலித் பின் வலீத் (ரலி) அவர்களோ அதைத் தம் பக்கம் இழுத்து, நபியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே உண்டார்கள். ஒரே விரிப்பில் ஒருவர் உண்டார், ஒருவர் உண்ணவில்லை. எவர் முகமும் வாடவில்லை. உண்ணாதவர் கையை மடக்கிக்கொள்வதும், உண்பவர் மற்றவரை வற்புறுத்தாதிருப்பதுமே போதுமானவை. அதிலும் ஒரு பிள்ளையை, அதன் தந்தை கற்றுக்கொடுத்த மார்க்கத்தின்படி நடந்ததற்காகப் பலர் முன்னிலையில் கண்டிப்பது, அப்பிள்ளையின் உள்ளத்தில் மார்க்கத்தைக் குறித்தே கசப்பை ஏற்படுத்திவிடும்.

இரண்டாவது பாடம், கேட்க வேண்டியதை முன்பே கேட்பது. வேதக்காரர்கள் வாழும் பகுதியில் இருந்த அபூ ஸஅலபா (ரலி) அவர்கள், அம்மக்களின் பாத்திரங்களைப் பயன்படுத்தலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். அவர்கள் தம் சட்டிகளில் பன்றியைச் சமைக்கிறார்கள் என்பதையும் எடுத்துச் சொன்னதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. வேறு பாத்திரம் கிடைத்தால் அதில் உண்ணவும், கிடைக்காவிடில் கழுவிப் பயன்படுத்தவும் அவர்களுக்கு வழிகாட்டப்பட்டது. புலம்பெயர்ந்து வாழும் நமக்கென்றே கேட்கப்பட்டாற்போன்ற கேள்வி அது. அந்த நபித்தோழர் உணவின் பெயரோடு நின்றுவிடாமல் சட்டியைப் பற்றியும் கேட்டார்.

இவ்வளவு துருவிக் கேட்பது வஸ்வாஸ் ஆகாதா என்று சிலர் வினவக்கூடும். புதிதாக இஸ்லாத்தை ஏற்றவர்கள் கொண்டுவரும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதா என்று தெரியாதபோது, தாங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணுமாறு வழிகாட்டப்பட்டது உண்மையே. ஆனால் அங்கே ஐயத்துக்குச் சான்று எதுவும் இல்லை. இங்கே சாசேஜ் உணவுப் பட்டியலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கண்முன் எழுதப்பட்டிருப்பதைப் படித்துக் கேட்பதை எவ்வாறு வஸ்வாஸ் எனலாம்?

ஆகவே இத்தகைய கடைக்குச் செல்ல விரும்பும் குடும்பங்கள், அமர்ந்த பின் கேட்காமல் முதல் நாளே தொலைபேசியில் கேட்டறிதல் நலம். சாசேஜ் எந்த இறைச்சியால் ஆனது? அது வேகும் நீரிலேயே மற்றவையும் வேகின்றனவா? அந்நீரிலோ சாற்றிலோ பீர், ஒயின், பன்றிக்கொழுப்பு சேர்கின்றனவா? நமக்கென வேறு பாத்திரத்தில், புதிய நீரில் சமைத்துத் தர இயலுமா? கூட்டம் குறைந்த நேரத்தில் பணிவாகக் கேட்டால் பெரும்பாலோர் நேர்மையாகவே விடையளிப்பார்கள். மாட்டிறைச்சி அல்லது கோழி சாசேஜ் என்று சொன்னாலும், அது ஹலாலாக அறுக்கப்பட்டதா என்ற கேள்வி எஞ்சும். மது பரிமாறப்படும் மேசையில் அமர்வது நமக்குத் தடுக்கப்பட்டுள்ளது என்பதையும் மறத்தலாகாது. விடை தெளிவாக இல்லையெனில் அக்கடையை விட்டுவிடுவதே பேணுதல்.

விட்டுவிடுவதால் பிள்ளைகளின் மகிழ்ச்சி குன்ற வேண்டியதில்லை. ஒரு மாதம் கழித்து, மத்ரஸாவின் பின்முற்றத்தில் நாங்களே அண்டா ஏற்றினோம். மசாலா கடையில் கிடைத்தது. சாசேஜ் சேர்க்கவில்லை. ஓர் அடுப்பில் மீனும் சோளமும் கிழங்கும் வெந்தன. மற்றோர் அடுப்பில் இறாலும் கிராஃபிஷும் வெந்தன. தாள் விரித்த நீண்ட மேசையின் ஒரு முனையில் ஒன்றையும் மறுமுனையில் மற்றொன்றையும் கொட்டினோம். உத்தமபாளையத்துப் பெரியவர் மீன் பக்கம் அமர்ந்தார். அந்தப் பையன் தன் பங்கை எடுத்துக்கொண்டு அவர் அருகில் வந்தமர்ந்தான். அவர் மீனின் முள்ளை நீக்கிக்கொண்டே, அவன் ஓட்டை உடைக்கும் விதத்தைப் பார்த்துச் சிரித்தார்.

ஹலாலைப் பேணுவதோடு, ஒருவர் மற்றவரின் மார்க்க மரியாதையையும் பேணும் இல்லங்களாக நம் இல்லங்களை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.