மடக்குக்கத்தியும் மடக்கெழுத்தாணியும்

அண்மையில் பிச்சாவரத்துக் கழியில் யாமும் நண்பர் சிலரும் படகேறிச் சென்றோம். தில்லையும் சுரபுன்னையும் அடர்ந்த வாய்க்காலொன்றில் துடுப்பிற் சிக்கிய வலைக்கயிற்றைப் படகோட்டி தம் மடியிலிருந்த மடக்குக்கத்தியால் அறுத்தார். உடனிருந்த மாணவரொருவர், "கத்தி வைத்துத் திரிதல் நன்றோ?" என்று முகஞ்சுளித்தார். அவ்வச்சம் பொருந்தாது என்பதே எம் கருத்து.

தமிழ்ப் புலவர் கையிலும் இத்தகைய கத்தி இருந்ததன்றோ? அதுவே மடக்கெழுத்தாணி. ஒருபுறம் ஓலை வாருங் கத்தி, மறுபுறம் எழுத்தாணி. இரண்டும் பிடிக்குள் மடங்கும். ஓரம் வாரி ஒழுங்கு செய்தாலன்றி ஓலை ஏடாகாது. 1887-இல் சாமிநாதையர் சீவக சிந்தாமணியை முழுதும் அச்சேற்றும்வரை அந்நூலைக் காத்தவை ஏடுகளே.

மேனாட்டுப் பேனாக்கத்தியும் இறகுப்பேனாவைச் சீவ எழுந்ததே. அதன் அலகை நிறுத்துவது முதுகிலுள்ள வில் மட்டுமே, பூட்டில்லை. குத்த முயன்றால் அது பிடித்தவன் விரல்மேலேயே மடங்கும். அது கருவியேயன்றிப் படையன்று. விமானத்தில் உடன்கொண்டு ஏறலாகாதென்னும் விதிக்குப் பணிதல் முறையே; அதனால் வீட்டிலுள்ளதையும் பழைய இரும்பென எடைக்குப் போடுதல் முறையன்று.

சேர்ப்போர் எண்ணெயிட்டுப் பேணுவதோடு, யார் எதற்கு வழங்கினர் என்பதையும் எழுதிவைத்தல் வேண்டும். அக்குறிப்பில்லையேல் எஞ்சுவது இரும்பே. நண்பர்காள், இவ்விடுமுறையிற் பாட்டனார் பெட்டியைத் திறந்து பாருங்கள். அவர் இருக்கும்போதே கேட்டறியுங்கள்.