அதிபரின் நேர்மையும் ஆசிரியையின் நிம்மதியும்



பாடசாலை என்றதும் நாம் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறோம். கற்பிப்பவர் எந்த மனநிலையில் வகுப்பறைக்குள் நுழைகிறார் என்று சிந்திப்பது குறைவு. அந்த மனநிலையைத் தீர்மானிப்பதில் அதிபருக்குப் பெரும் பங்குண்டு.

வடக்கு கிழக்கில் யுத்த காலத்தில் தொண்டர் ஆசிரியைகளாகப் பணிசெய்த பெண்கள் ஏராளம். 2009இல் செட்டிக்குளம் மெனிக்பாம் முகாம்களின் தற்காலிகக் கொட்டில்களில் வகுப்புகள் நடந்தபோது, இடம்பெயர்ந்து வந்த ஆசிரியர்களே அங்கும் கற்பித்தார்கள். இழப்புகளைச் சுமந்தபடி கற்பிக்கும் ஒருவருக்கு, வேலைத்தலத்தில் நீதி கிடைக்கிறதா என்பது சிறிய விடயமல்ல.

2005இல் பிரவுண், ட்ரெவினோ, ஹரிசன் ஆகிய ஆய்வாளர்கள் அறநெறித் தலைமைத்துவம் பற்றி விளக்கினார்கள். தலைவர் தனிப்பட்ட வாழ்வில் நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது. அவர் எடுக்கும் முடிவுகளிலும் அந்த நேர்மை தெரிய வேண்டும்; தன்கீழ் உள்ளவர்களிடமும் அதை வளர்க்க வேண்டும். மனிதர் சொல்லைக் கேட்பதைவிட நடத்தையைப் பார்த்தே அதிகம் கற்கிறார்கள்.

பாடசாலையில் இது மேடைப் பேச்சில் அல்ல, அன்றாடச் சிறு காரியங்களிலேயே வெளிப்படும். லீவில் நிற்பவரின் பாடங்கள் எப்போதும் ஒருவரின் தலையிலேயே விழுகின்றனவா? கூட்டத்தில் கருத்துச் சொன்னவருக்கு மறுவாரமே மேலதிகக் கடமை வருகிறதா? பிழையைத் தனியே அழைத்துச் சொல்கிறாரா, பிள்ளைகள் முன்னிலையில் ஏசுகிறாரா?

கணவனை இழந்த, இரண்டு பிள்ளைகளின் தாயான ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். பஸ் பிந்தியதால் அவரும் பிந்துகிறார். வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு கீறியாயிற்று. விதி எல்லோருக்கும் ஒன்றென்றால் அவர் ஏற்றுக்கொள்வார். ஆனால் அதிபருக்கு வேண்டியவர் பிந்தும் நாளில் மட்டும் கோடு கீறப்படாமல் காத்திருந்தால்? அவரை வருத்துவது கோடல்ல, பாரபட்சம். பிறகு அவர் கடமைக்கு மட்டும் கற்பிப்பார், இடமாற்றம் கேட்பார். ஆசிரியர் அறை இரண்டு அணியாகும். கஷ்டப் பிரதேசப் பாடசாலையில் போனவரின் இடம் சுலபமாக நிரம்பாது. நட்டம் பிள்ளைகளுக்குத்தான்.

அதே அதிபர் பாரபட்சமின்றிக் கோட்டைக் கீறிவிட்டு, "பஸ் பிரச்சினையா ரீச்சர்? முதலாம் பாடத்தை மாற்றித் தரலாமா?" என்று கேட்டால் நிலைமை வேறு. விதியும் நிற்கும், மனிதாபிமானமும் நிற்கும். அத்தகைய அதிபருக்காக ஆசிரியர்கள் கேளாமலே மாலை வகுப்பு எடுப்பார்கள்.

அதிபர்களும் நெருக்கடிக்குள்தான் பணியாற்றுகிறார்கள். 2021இல் சம்பள முரண்பாட்டுக்கு எதிராக அதிபர்களும் ஆசிரியர்களும் ஒன்றாகவே போராடினார்கள். அந்த ஒற்றுமை பாடசாலைக்குள்ளும் வேண்டும்.

ஆசிரியைகளே, உரிமையைச் சலுகையென எண்ணாதீர்கள். முழுச் சம்பளத்துடனான 84 வேலைநாள் பிரசவ லீவு யாருடைய தயவுமல்ல. அநீதி நடந்தால் திகதியுடன் எழுதி வையுங்கள். முதலில் அதிபரிடமே மரியாதையாகப் பேசுங்கள். தீராவிட்டால் தொழிற்சங்கத்தையோ வலயக் கல்விப் பணிமனையையோ எழுத்துமூலம் நாடுங்கள்.

தாய்மாரே, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கட்டடம், மதில் பற்றி மட்டும் பேசாதீர்கள். "நல்ல ரீச்சர்மார் ஏன் எங்கள் பள்ளிக்கூடத்தில் நிலைப்பதில்லை?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.