மைசூர்ப் பருப்பு எந்த ஊர்ப் பருப்பு?

தில்லி முனிர்காவின் வாடகை அறைகளில் இரவு எட்டரை மணிக்குக் கேட்கும் குக்கர் விசில்களில் பல, கிச்சடிக்கு உரியவை. தமிழ்நாட்டு ரவைக் கிச்சடி அன்று. அரிசியும் பருப்பும் ஒன்றாய்க் குழைய வெந்த வடபுலக் கிச்சடி. நூலகத்திலிருந்து திரும்பிய ஆய்வு மாணவி ஒருவர் ஒரு கோப்பை அரிசி, அரைக் கோப்பை மைசூர்ப் பருப்பு, மஞ்சள்தூள், உப்பு எல்லாவற்றையும் ஒரே குக்கரில் இட்டு மூன்று விசில் விடுகிறார். ஒரு கரண்டி எண்ணெயில் சீரகமும் பெருங்காயமும் பொரித்துக் கொட்டுகிறார். 25 நிமிடத்தில் வேலை முடிந்தது. அதே அறையில் தங்கியிருக்கும் தோழி கடுகு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் தக்காளி வதக்கி, வேகவைத்த பாஸ்தாவை அதில் புரட்டி எடுக்கிறார். முதலாமவர் தட்டில் இருப்பது வீட்டுச் சாப்பாடு என்றும், இரண்டாமவர் தட்டில் இருப்பது அயல்நாட்டு மோகம் என்றும் தீர்ப்பாகிறது. ஊரிலிருந்து தொலைபேசியில் விசாரிக்கும் தாயார் மட்டும் இத்தீர்ப்பை வழங்குவதில்லை. உணவுப் பண்பாடு குறித்த கருத்தரங்குகளிலும் அதுவே, உலகமயமாதல், நடுத்தர வர்க்க நுகர்வு முதலிய கனத்த சொற்களை அணிந்துகொண்டு வந்து அமர்கிறது.

தீர்ப்பு தவறானது. அதுவும் தகவல் அளவிலேயே தவறானது.

பாஸ்தாவை முதலில் எடுத்துக்கொள்ளலாம். மத்தியப் பிரதேசத்தின் மால்வா பகுதியில் டூரம் கோதுமை விளைகிறது. அத்தகைய உள்நாட்டுக் கோதுமையின் ரவையிலிருந்து இந்திய ஆலைகளிலேயே தயாராகும் பாஸ்தா, இத்தாலியப் பெயர் தாங்கிச் சந்தையில் கிடைக்கிறது. மைசூர்ப் பருப்பின் கதை இதற்கு நேர்மாறானது. தமிழில் அதன் பெயரிலேயே ஓர் இந்திய நகரம் இருக்கிறது. மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களில் அது விளையவும் செய்கிறது. ஆனால் உள்நாட்டு விளைச்சல் தேவைக்குப் போதாமையால் கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பெருமளவில் இறக்குமதியாகிறது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 1970களுக்கு முன் இப்பயிர் பெரிய அளவில் இருந்ததில்லை. பல்கலைக்கழகப் பயிர் ஆய்வும் கோதுமைக்கு மாற்றுத் தேடிய விவசாயிகளும் சேர்ந்து, சில பத்தாண்டுகளில் அம்மாகாணத்தை உலகின் முன்னணி ஏற்றுமதி மையமாக்கினர். முனிர்கா குக்கரில் வேகும் பருப்பு பீகாருடையதா சஸ்காச்சுவானுடையதா என்பதைப் பாக்கெட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்பதே இங்கு முதன்மையான செய்தி.

தாளிப்புக்கு வருவோம். பெருங்காயம் இல்லாத பருப்பை இந்தியாவின் பல சமையலறைகள் ஏற்பதில்லை. எனினும் அண்மைக்காலம் வரை இந்நாட்டில் அது வணிகப் பயிராக இருந்ததே இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 டன் கச்சாப் பிசின் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. பாலம்பூரிலுள்ள இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனம் லாஹௌல் பள்ளத்தாக்கின் குவாரிங் கிராமத்தில் முதல் நாற்றை நட்டது 2020 அக்டோபரில்தான். நட்ட செடி பிசின் தரச் சுமார் ஐந்தாண்டுகள் வேண்டும். டப்பாவில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் அப்பிசினோடு கோதுமை அல்லது அரிசி மாவும் உண்ணத்தக்க மரப்பிசினும் கலந்திருக்கும். எண்ணெயோ இன்னும் வெளிப்படை. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்தும், சோயா எண்ணெய் அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்தும், சூரியகாந்தி எண்ணெய் உக்ரைன், ரஷ்யாவிலிருந்தும் வருகின்றன. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை மூன்று வாரங்களுக்குச் சற்று மேல் நிறுத்திவைத்தபோது, அந்தச் செய்தி இந்தியப் பலகாரக் கடைகளின் அடுப்புவரை எட்டியது.

மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே என்று இவ்விடத்தில் ஒருவர் குறுக்கிடக்கூடும். அது வேறு வாதம். கேட்டுக் கேட்டுத் தேய்ந்ததும்கூட. அவை நூற்றாண்டுகளுக்கு முன் வந்து இம்மண்ணிலேயே விளையத் தொடங்கிவிட்டன. இங்கு பேசப்படுவது கடந்த மாதம் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு.

அயல்நாட்டு உணவு என்று வெளிப்படையாக அறியப்படும் பொருள்களும் இல்லாமலில்லை. 2001 ஏப்ரலில் நுகர்பொருள்கள்மீதான இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டபின் அவை பெருகின. தில்லி ஐ.என்.ஏ. சந்தையில் டின்னில் அடைத்த தேங்காய்ப்பால், கூஸ்கூஸ், ஆலிவ் எண்ணெய், கினோவா எல்லாம் கிடைக்கும். இரண்டு கடை தள்ளிக் கறிவேப்பிலையும் கிடைக்கும். இவற்றை வாங்குவோர் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஓட்ஸை வெறும் வாணலியில் வாசம் வர வறுத்து, தண்ணீரை ஊற்றாமல் தெளித்துக் கிளறினால் கூழாகாமல் உதிரியான உப்புமா வருகிறது. கூஸ்கூஸை அடுப்பில் வைக்கவே வேண்டியதில்லை; சம அளவு கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்துத் தாளிப்பைக் கொட்டினால் போதும். டின்னில் வரும் ராஜ்மாவின் உப்புநீரை வடித்துக் கழுவிவிட்டால், முந்தைய இரவு ஊறவைக்க மறந்த குற்றம் மறைந்துபோகிறது. தேங்காய் துருவவும் அரைக்கவும் வசதியற்ற அறையில், தாய்லாந்துத் தேங்காய்ப்பால் டின் ஒன்றே மலையாள மாணவரின் இஷ்டுவைச் சாத்தியமாக்குகிறது. இவற்றில் எதிலும் மேற்கத்தியச் சமையல் முறை இல்லை. பொருள் வெளியூர், வறுத்தல், தாளித்தல், புளிப்பும் காரமும் சேர்க்கும் முறை அனைத்தும் உள்ளூர். (கினோவாப் பொங்கலுக்காக மட்டும் வாதாட இயலாது. நன்கு கழுவாவிட்டால் கசக்கும், கழுவினாலும் அதன் விலை கசக்கும். பொங்கலுக்கு அரிசியோ வரகோ போதும்.)

ஏன் இந்தக் குறுக்குவழிகள் தேவைப்படுகின்றன என்பதற்குத் தேசிய மாதிரி அளவெடுப்பே விடை தருகிறது. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு அளவெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடும் நேரம் 299 நிமிடங்கள். ஈடுபடும் ஆண்களின் நேரம் 97 நிமிடங்கள். ஓட்ஸ் உப்புமாவைப் பழிக்கும் கட்டுரையை எழுதுபவர், காலை ஆறு மணிக்கு உளுந்து மாவைக் கரைத்தவர் யார் என்பதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

பருப்பு சுதேசி, பாஸ்தா விதேசி என்ற மயக்கத்துக்குச் சட்டமும் துணைபோகிறது. அயலில் பாக்கெட் இடப்பட்டு வரும் உணவுப்பொருளில் தோற்ற நாட்டின் பெயர் கட்டாயம். ஆனால் ஒரு பொருள் இன்னொரு நாட்டில் பதப்படுத்தப்பட்டு அதன் இயல்பு மாறுமானால், பதப்படுத்திய நாடே தோற்ற நாடாகக் கருதப்படும் என்பது உணவு அடையாளச்சீட்டு விதிகளில் உள்ள கோட்பாடு. கச்சா பாமாயில் குஜராத் துறைமுகத்தில் இறங்கி, அங்கேயே சுத்திகரிக்கப்பட்டு இந்திய எண்ணெயாகிவிடுகிறது. முழுப்பருப்பு மூட்டைகளில் வந்து, ஆலையில் தோல்நீக்கி, உடைத்து, மெருகேற்றி, இந்திய வணிகப்பெயரில் பாக்கெட்டாகிறது. மஞ்சள் பட்டாணிக்குப் பெயர்கூட மிஞ்சுவதில்லை. கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வரும் அது, கடலைப்பருப்புக்கு மாற்றாகவும் கடலைமாவில் கலப்பாகவும் புகுந்துவிடுகிறது. 2023 டிசம்பரில் அதன் இறக்குமதிக்குச் சுங்கவரி விலக்கு அளிக்கப்பட்ட செய்தி வணிகப் பக்கங்களில் வந்தது. உணவுப் பண்பாட்டைப் பற்றி எழுதுவோர் அதைப் பண்பாட்டுச் செய்தியாகக் கண்டதாகத் தெரியவில்லை.

இந்த அறியாமைக்கு விலை கொடுப்போர் இருக்கிறார்கள். 2015 அக்டோபரில் துவரம்பருப்பு நகரங்களில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது. 2016 ஜூலையில் இந்தியா மொசாம்பிக்குடன் துவரை இறக்குமதி உடன்படிக்கை செய்தது. 2020-21க்குள் ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்பது இலக்கு. அந்தப் பருவத்திலேயே இந்திய விவசாயிகளும் உயர்ந்த விலையை நம்பித் துவரையை அதிகம் விதைத்தனர். அமோக விளைச்சல். குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்பட்டிருக்க, சந்தை விலை அதற்குக் கீழே சென்றது. மராட்டியத்தின் கொள்முதல் நிலையங்களில் விவசாயிகள் நாள்கணக்கில் மூட்டைகளோடு காத்துக்கிடந்தனர். 2017 ஆகஸ்டில் அரசு துவரை இறக்குமதிக்கு உச்சவரம்பு விதித்தது. உடனே மொசாம்பிக்கில் விலை சரிந்தது. அங்கே துவரையின் பெரும்பகுதி இந்தியச் சந்தையை நம்பியே விதைக்கப்பட்டிருந்தது. கலபுரகியின் துவரை விவசாயியும் மொசாம்பிக்கின் சிறு விவசாயியும் ஒரே இந்தியச் சாம்பார்க் கிண்ணத்தின் இரு கரைகளில் நிற்கிறார்கள். தில்லியிலிருந்து வரும் ஓர் அறிவிக்கை, ஒரே ஆண்டில் இருவரையும் கவிழ்த்துவிடக்கூடியது. கலபுரகித் துவரம்பருப்பு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு அப்பருப்பின் மதிப்பைக் காக்கலாம். அதற்கு அருகிலேயே ஊர்ப்பெயர் இல்லாமல் அடுக்கிவைக்கப்பட்ட பாக்கெட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

உணவாய்வுத் துறையின் பார்வைப் பழக்கமும் இதற்கு ஒரு காரணம். அர்ஜுன் அப்பாதுரை 1988இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஆங்கிலச் சமையல் நூல்களின் வழியாகத் தேசிய உணவு ஒன்று உருவாவதைக் காட்டியது. அது திறந்த வாயிலில் பின்வந்தோர் பலர் நுழைந்தனர். சமையல் நூல், உணவகம், விளம்பரம், புலம்பெயர்ந்தோர் நினைவு எனச் செழிப்பான ஆய்வுகள் வந்தன. ஆனால் செய்முறைக் குறிப்பில் 'அரைக் கோப்பை பருப்பு' என்றிருந்தால், அப்பருப்பை ஆய்வாளர் அங்கேயே விட்டுவிட்டுச் செய்முறையைப் பின்தொடர்கிறார். பருப்பு வேளாண் பொருளியலாருக்கு உரியது, செய்முறை பண்பாட்டு ஆய்வாளருக்கு உரியது என்ற பாகப்பிரிவினை எவ்விதத் தகராறுமின்றி நடந்துமுடிந்துவிட்டது. முதுகலை மாணவர்களின் களப்பணிக்கு இறக்குமதிப் பொருளங்காடிகளே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. தில்லியின் நயா பஜாரில் பருப்பு மொத்த வியாபாரிகள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் காலையில் எழுந்ததும் ரங்கூன் விலையும் வான்கூவர் விலையும் தெரிந்தாக வேண்டும். அங்கே ஒரு வாரம் அமர்ந்தாலே ஆய்வேட்டுக்கு ஓர் இயல் கிடைக்கும்.

இறக்குமதியே கூடாது என்பதன்று இவ்வாதம். பருப்பில் உலகின் மிகப்பெரிய உற்பத்தியாளரும் நுகர்வோரும் இறக்குமதியாளரும் ஒரே நாடு, இந்தியா. விளைச்சல் குறைந்த ஆண்டுகளில் கப்பல் வராவிட்டால் முதலில் பருப்பை இழப்பவை ஏழைகளின் தட்டுகள். கேட்கப்படுவது சிறியது. அரைத்தாலும் உடைத்தாலும் சுத்திகரித்தாலும், விளைந்த நாட்டின் பெயர் பாக்கெட்டில் இருக்கட்டும். பல நாட்டுச் சரக்கு கலந்திருப்பின் அதையே எழுதட்டும். பச்சைப் புள்ளிக்கும், உரிம எண்ணுக்கும், நிறுவன முகவரிக்கும், சமையல் குறிப்புக்கும் இடமிருக்கும் பாக்கெட்டில் இன்னொரு வரிக்கு இடமிருக்கும். இப்போது முனிர்கா மளிகைக் கடையில் பாஸ்தா பாக்கெட்டில் இத்தாலியக் கொடியின் வண்ணங்களும், மைசூர்ப் பருப்புப் பாக்கெட்டில் தலையில் முண்டாசு கட்டிய இந்திய விவசாயியின் படமும் அச்சாகியிருக்கின்றன.