விஷமில்லாக் காய்கறி யாருக்கு?

பட்டணங்களில் இப்போது “ஆர்கானிக்” கடை என்பதாக ஒரு புதுக் கடை ஆங்காங்கு முளைத்து வருவதைத் தோழர்கள் பார்த்திருக்கலாம். சந்தைக் கத்திரிக்காயைப் போலவே இருக்கும் கத்திரிக்காய்க்கு அங்கே அதிக விலை. ஏன் என்று கேட்டால், “இது இயற்கை, முன்னோர் முறைப்படி விளைந்தது” என்கிறார்கள். பணமுள்ளவர் மறுகேள்வி கேட்காமல் பயபக்தியோடு வாங்கிப் போகிறார். பணமில்லாதவரோ, விஷத்தைத் தின்ன வேண்டியது நம் தலையெழுத்து என்று பெருமூச்சு விடுகிறார். சிலர் பயந்துபோய்க் காய்கறியையே குறைத்துக் கொள்ளுகிறார்களாம். இவர்கள் எல்லோரையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.

பூச்சிமருந்துக்குப் பயப்படுவது மூடநம்பிக்கை என்று நாம் சொல்ல வரவில்லை. 1958ம் வருஷத்தில் கேரளத்திலும் சென்னை ராஜ்யத்திலும் பரத்தியான் என்னும் பூச்சிமருந்து கலந்துவிட்ட கோதுமை மாவைத் தின்று 100 பேருக்கு மேல் மாண்டார்கள். அத்தனை உயிர் போன பிறகுதான், 1968ல், பூச்சிமருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. ஆனால் அது மருந்து நேரே உணவில் கொட்டியதால் வந்த சாவு. காயில் தங்கும் மிச்சமோ ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளந்து பார்க்க வேண்டிய சங்கதி. பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, தீங்கு செய்யாத அளவைக் கண்டு, அதில் சாதாரணமாக 100ல் ஒரு பங்கையே மனிதன் தினந்தோறும் உட்கொள்ளத் தக்கதென்று வைக்கிறார்கள். ஆகவே “இருக்கிறதா, இல்லையா” என்பதோடு “எவ்வளவு இருக்கிறது” என்றும் கேட்பதே அறிவுடையோர் செய்கையாகும்.

அந்த அளவு எதனால் மீறிப் போகிறது? மருந்து அடித்த பிறகு இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கெடு உண்டு. வெண்டைக்காயோ ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும்; விட்டால் முற்றிப் போகும், முற்றினால் வாங்குவாரில்லை. கடன் வாங்கிப் பயிரிட்டவன் கெடுவைப் பார்ப்பானா, காயைப் பார்ப்பானா? அந்தக் கெடுவும் பொடி எழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் கிடக்கிறது. அதை அவனுக்குப் படித்துச் சொல்லுகிறவர் பெரும்பாலும் மருந்து விற்கிற கடைக்காரரே!

நிற்க, இயற்கை என்றாலே நல்லது என்பதும் ஒரு பித்தலாட்டம்தான். அரளி விதையும் ஊமத்தங்காயும் இயற்கையில் விளைந்தவையே. ஆர்கானிக் விவசாயத்திலும் வேப்பெண்ணெய், தாமிர மருந்து போன்ற சிலவற்றுக்கு இடம் உண்டு. ஆகையால் மருந்தே படாதது என்று அதற்கு அர்த்தமில்லை. சத்து அதிகம் என்பதற்கும் வலுவான ஆதாரமில்லையென்று, பல ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்த அமெரிக்க ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 2012ல் சொன்னார்கள். ஆனால் மருந்து மிச்சம் அதில் குறைவு என்பதையும் அவர்களே ஒப்புக் கொண்டார்கள். 2006ல் வெளிவந்த மற்றொரு ஆராய்ச்சியில், 23 பிள்ளைகளுக்கு 5 நாள் ஆர்கானிக் உணவு கொடுத்துப் பார்த்ததில், அவர்களுடைய சிறுநீரில் இரண்டு பூச்சிமருந்துகளின் அடையாளம் உடனே குறைந்தது. உள்ளதை உள்ளபடி ஒப்புக் கொள்ளுவோம்.

ஆகவே கைக்காசைச் செலவழிக்க நினைக்கிறவர், கருவுற்ற பெண்ணும் சிறு குழந்தையும் உள்ள வீட்டுக்கு முதலில் செலவழிக்கட்டும். தோலோடும் இலையோடும் தின்கிற திராட்சை, கீரை, கொத்தமல்லி, கறிவேப்பிலை, பச்சைமிளகாய் இவற்றுக்குச் செலவழிக்கட்டும். உரித்தும் உடைத்தும் தின்கிற தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் வெங்காயத்துக்கும் அதிக விலை கொடுப்பது வீண் என்பதே நமது அபிப்பிராயம். பொட்டலத்தில் வாங்கினால் “இந்தியா ஆர்கானிக்”, “ஜைவிக் பாரத்” முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முத்திரையில்லாத பொட்டலத்தில் பசுமாட்டுப் படத்தைப் போட்டு விற்றால், அந்தப் படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

வாங்க முடியாதவர் காய்கறியை நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தினால் அதுவே பெருங்கேடு. ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மேலே ஒட்டியது ஓரளவு போகும். மஞ்சள் கரைத்த தண்ணீரைத் தீர்த்தம்போல் தெளித்துவிட்டால் போய்விடாது. 2017ல் அமெரிக்காவில் ஆப்பிள் பழத்தைச் சோடா உப்புத் தண்ணீரில் 12 முதல் 15 நிமிஷம் ஊறவைத்துப் பார்த்ததில் மேல்தோல் மருந்து நன்றாக நீங்கியது. ஆனால் ஒரு மருந்தில் ஏறக்குறைய 5ல் ஒரு பங்கு தோலுக்குள் இறங்கிவிட்டிருந்தது. அதை எந்தக் கழுவலும் எடுக்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் தின்கிறவன் சங்கதி. அடிக்கிறவன் சங்கதி என்ன? 2017ல் மராட்டிய நாட்டு யவத்மால் ஜில்லாவில் பருத்திக் காட்டில் மருந்தடித்த விவசாயிகளும் கூலிக்காரர்களும் 20 பேருக்கு மேல் செத்தார்கள்; நூற்றுக்கணக்கானவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பட்டணத்துச் சீமான் அணுவளவு மிச்சத்துக்குப் பயந்து தனிக்கடை தேடுகிறார். முகத்தில் துணிகூட இல்லாமல், காற்றடிக்கும் பக்கம் நின்று, அந்த மருந்தை முழுசாகச் சுவாசிக்கிறவனைப்பற்றி அந்தக் கடையில் யாராவது பேசுகிறார்களா? பெரிய மனிதர்கள் தங்களுக்கு மட்டும் தனிச் சட்டி வைத்துக் கொண்டால் ஊர்ச்சட்டியில் என்ன வேகிறது என்று எவன் கேட்பான்?

அன்றியும், சோதிக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2010ல் நம் நாட்டுத் திராட்சையில் குளோர்மெகுவாட் என்ற மருந்து அளவுக்கு மேல் இருப்பதாக அய்ரோப்பாவில் மடக்கினார்கள். உடனே இங்கே ஓடி ஆடி, அதையும் சோதனையில் சேர்த்தார்கள். அங்கே போகும் திராட்சைக்குத் தோட்டம் தோட்டமாகப் பதிவும், பறிப்பதற்கு முன் பரிசோதனையும் உண்டு. நம் சந்தைக் காய்களிலும் சர்க்கார் மாதிரி எடுத்துப் பார்ப்பதுண்டு. அந்த முடிவு கூடையோடு வந்து கால் கிலோ கத்திரிக்காய் வாங்குகிற கிழவிக்கு வந்து சேருகிறதா? வெள்ளைக்காரன் வாய்க்கு ஒரு நியாயம், நம் கிழவி வாய்க்கு ஒரு நியாயமா?

தமிழ்நாட்டில் 1999 முதல் உழவர் சந்தைகள் நடந்து வருகின்றன. விளைவிக்கிறவரே அங்கே விற்பதால், “அண்ணே, மருந்து எப்போ அடிச்சீங்க? பறிச்சு எத்தனை நாளாச்சு?” என்று நேரிலேயே கேட்கலாம். கேட்கக் கேட்கத்தான் கெடு பார்த்துப் பறிக்கிறவருக்கு மதிப்பு வரும். சந்தை நுழைவாயிலில் விலைப்பலகை மாட்டியிருக்கிறார்கள் அல்லவா? அதன் பக்கத்திலேயே இன்னொரு பலகை மாட்டி, இன்ன காயைச் சோதித்தோம், இன்ன மருந்து இவ்வளவு இருந்தது, அனுமதித்த அளவு இவ்வளவு என்று மாதம் ஒரு தரம் தமிழில் எழுதிப் போடும்படியும், மருந்தடிக்கும் கூலித் தோழர்களுக்கு முகமூடியும் கையுறையும் இலவசமாகக் கொடுக்கும்படியும் ஊர்தோறும் மனு எழுதிக் கையெழுத்து வாங்கி அதிகாரிகளுக்கு அனுப்புமாறு தோழர்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம்.