மூலம் என்று முடிவு செய்தது யார்?

மலத்தில் ரத்தம் வந்தால் "உடம்புச் சூடு, மூலம்தான், மோர் குடி, தானாக நின்றுவிடும்" என்கிறார்கள். பெரும்பாலும் காரணம் மூலமோ ஆசனவாய் வெடிப்போதான் என்பது உண்மை. அதிலிருந்து பிறக்கும் முடிவுதான் தவறு.

1. 'பெரும்பாலும்' என்றால் 'எப்போதும்' அல்ல. குடல் கட்டி, சதை வளர்ச்சி, சீதபேதி, பெருங்குடல் அழற்சி எல்லாவற்றிலும் ரத்தம் வரலாம்.

2. "பளிச்சென்ற சிவப்பு, அதனால் மூலம்." மலக்குடல் புற்றுநோயிலும் அதே சிவப்புதான் சொட்டும். பீங்கானில் விழுந்த துளியைப் பார்த்து எப்படிப் பிரித்தறிவீர்கள்?

3. "வலியே இல்லையே!" உள்மூலமும் பொதுவாக வலிக்காது, தொடக்க நிலைப் புற்றுநோயும் பொதுவாக வலிக்காது. சுரீரென்று அறுப்பது பெரும்பாலும் வெடிப்பு.

4. "எனக்குப் பத்து வருட மூலம்." மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராதா?

5. "தானாக நின்றுவிட்டது." கட்டியிலிருந்தும் ரத்தம் விட்டுவிட்டுத்தான் கசியும்.

6. தார்போலக் கறுத்து, பிசுபிசுத்து நாறும் மலம் இரைப்பைப் புண்ணிலிருந்து கசியும் ரத்தமாகலாம். மூட்டுவலி மாத்திரை தொடர்ந்து விழுங்குவோர் கவனிக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். அதையும் மருத்துவரே பிரித்துச் சொல்லட்டும்.

ரத்தம் நிற்காமல் கொட்டினால், தலை சுற்றினால், மயங்கினால், மலம் தாராகக் கறுத்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். எடை குறைவு, சோகை, சில வாரங்களாக மாறிய மலப்போக்கு, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். வயது நாற்பதைத் தாண்டாதவர்களுக்கும் இது பொருந்தும்.

மருத்துவர் ஆசனவாய்க்குள் விரல் விட்டுச் செய்யும் பரிசோதனைக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடக் கூச்சத்துக்கு உயிரை விலையாகக் கொடுக்க வேண்டுமா?