சுவிட்ச் காட்டுவது பயிற்சி அல்ல

ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு ஓர் அக்கா வந்தார். கைநாட்டுக்காக மைப்பெட்டியை நகர்த்தினேன். 'கட்டைவிரல் இல்ல சார், எத வைக்க?' என்றார். மசாலா அரைக்கும் மில்லில், பெல்ட்டும் சக்கரமும் சேரும் இடத்தில் போனதாம். வேலை கத்துக் குடுத்தாங்களாக்கா என்று கேட்டேன். 'சுவிட்ச காமிச்சாங்க. அம்புட்டுதான்.'

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விறகடுப்பில் கிண்டிய வேலைக்கு இப்போது நீராவியும் மோட்டாரும் வருகின்றன. வரட்டும். தோள் தேயக் கிண்டியவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் கோவா கிண்டும் மிஷினோ மாவு மில்லோ ரோட்டோரக் கரும்புச்சாறு உருளையோ, சுழலும் பாகங்கள் சேருமிடத்தில் விரலோ முந்தானையோ சிக்கினால், நாம் பின்னுக்கு இழுப்பதைவிட வேகமாக அது உள்ளே இழுக்கும். 'பாத்து வேல செய்'னு சொன்னாத் தீராது. பெல்ட்டுக்கு மூடி வேண்டும். தள்ளுவதற்குக் கட்டை வேண்டும். நிறுத்தும் சுவிட்ச் நிற்பவர் கைக்கு எட்டணும். அண்ணாச்சியின் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்து என்ன பயன்? அடைப்பு எடுக்கும்போது ஃப்யூஸைக் கழற்றி, எடுப்பவரே மடியில் வைத்துக்கொள்ளணும். இதையெல்லாம் செய்து காட்டி, செய்ய வைத்துப் பார்ப்பதுதான் பயிற்சி.

1948 தொழிற்சாலைச் சட்டம் இதைச் சொல்லாமல் இல்லை. 21ஆம் பிரிவு வேலி போடச் சொன்னது. ஓடும் மிஷினைப் பெண்களும் சிறுவர்களும் துடைக்கக் கூடாது என்றது 22. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பு அந்தப் பத்தை 20 ஆக்கிவிட்டது. நம் சனங்கள் நிற்கும் மில்லில் நாலு பேர், அஞ்சு பேர். தலையை எண்ணித்தான் விரலைக் காப்பார்களா? விரல் போன பிறகு மட்டும் கணக்கு சுத்தமாக இருந்தது: 1923 இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரலுக்கு 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14.

என் மேசையையும் சொல்லணும். மிஷினுக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் கடன் கோப்பு நகராது. 2008இல் வந்த பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், கடன் வாங்குபவருக்குப் பயிற்சி உண்டு. மிஷின் முன்னால் நிற்கப்போகிறவர் பெயர் கோப்பிலேயே கிடையாது. அப்படி எத்தனை கோப்பில் நானே முத்திரை குத்தியிருக்கிறேன்! டீக்கடையில் நமக்குத் தனி டம்ளர் வைத்த ஊர்களில், மிளகாய்த்தூள் யார் கைபட்டு வந்தது என்று கேட்டவர் யாருமில்லை.

தோழர்களே, மாணவர்களே, உங்கள் தெருவிலிருந்து மில்லுக்குப் போகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பெல்ட்டுக்கு மூடி இருக்கா? சுவிட்ச் கைக்கு எட்டுதா? யார், எத்தனை நாள் கத்துக் குடுத்தாங்க? பதிலை எழுதி அனுப்புங்கள். மில் பெயரோடு தொகுத்து, கையெழுத்து வாங்கி, ஆட்சியரிடம் கொண்டுபோவோம். கைநாட்டும் செல்லும், எந்த விரலாக இருந்தாலும்.